ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2023–24 ஆண்டறிக்கை

சேகரகுரு ஐயா அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், அண்ணன் தம்பிமார் அனைவருக்கும் கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வியாழன் மாலைக் கூட்டங்கள், ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால வீட்டு ஜெபங்கள், ஸ்தோத்திரப் பண்டிகையில் பந்தி பரிமாறியது எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான், கூட்டங்களில் நாம் படித்த, வேதாகமத்தின் யாக்கோபு நிருபத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதம் அதைப் படிக்கத் தொடங்கினோம். ஐந்தே அதிகாரம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். முதல் அதிகாரம் 22ஆம் வசனத்திலேயே நின்றுவிட்டோம். "திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்." மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சின்ன வயசுல இருந்து இதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். போன வாரம் படிச்சதுல என்ன செஞ்சோம், ஆளுக்கொண்ணு சொல்லுங்க" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஆரம்ப ஜெபம் முடிந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்க வேண்டுமே, இது பெருமைக்கு இடம் கொடுக்காதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உதவி பெற்றவரின் பெயரையும் கொடுத்த தொகையையும் சொல்லக் கூடாது, செய்யத் தவறியதைத் தாராளமாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். அப்புறம் பலர் பேசினார்கள். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்வந்ததை ஒருவர் சொன்னபோது அழுதேவிட்டார்.

நவம்பரில் ஐந்தாம் அதிகாரம் வந்தது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற வசனம். சுற்றுச்சுவர் கட்டிய கொத்தனாருக்குச் சங்கம் பாக்கி வைத்திருந்தது. பணம் கையில் இருந்தும், கணக்குக் கூட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். அன்றிரவே தலைவரும் நானும் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். இனி சங்க வேலைக்குக் கூலி அன்றன்றே என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை யாரும் மறக்க மாட்டோம். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். நம் ஊர் மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். ஏரல், ஆழ்வார்திருநகரி பக்கமெல்லாம் தாமிரபரணி வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர் ஜனங்கள்தான் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமைதான் நினைவுக்கு வந்தது. "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று ஆண்டவர் சொன்னதற்கு நாம் இதுவரை படித்த விளக்கங்களைவிட அந்த ஊரார் செய்தது எனக்குத் தெளிவாக இருந்தது.

அந்த வாரம், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் சுற்று வைத்திருந்தோம். நிறுத்தினோம். கிறிஸ்துமஸ் அசன விருந்துக்கு வாங்கிய அரிசியும் பருப்பும், தண்ணீர் வடிந்து பாதை திறந்ததும் ஏரல் பக்கம் போயின. பிள்ளைகளுக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் பாய், போர்வை கட்டி வேனில் ஏற்றியது அவர்கள்தான். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்டதை அக்டோபரில்தான் படித்திருந்தோம். அங்கே வாலிபர்கள் வீடுகளில் சேறு அள்ளினார்கள். பெரியவர்கள் நனைந்த ரேஷன் கார்டுகளையும் பள்ளிச் சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தார்கள்.

ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அங்கே ஒரு விதவைத் தாயாரின் வாழைத் தோட்டத்தை ஆற்று மணல் மூடிக் கிடக்கிறது. பாதிதான் அள்ளியிருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் வேன் நிற்கும். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்துவாருங்கள், மதியச் சாப்பாடு சங்கத்தில் கட்டிக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்