அடிவயிற்று வலிக்குத் துளை போட்டுப் பார்ப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்களின் நாள்பட்ட அடிவயிற்று வலிக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கும் பரிசோதனை, மூலம் காரணம் கண்டறியலாம் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். அறுவை அரங்கில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இந்த வலிக்காகத் துளை போட்டுப் பார்க்கப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரையிலானோருக்குக் கண்ணுக்குத் தெரியும்படியான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இது கூறப்பட்டுள்ளது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டிய இந்த விவரம், நான் பார்த்த வரையில், அநேகமாகச் சொல்லப்படுவதில்லை.

நம் பக்கத்துப் பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி என்ற பெயர் புதிதன்று. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் அதைச் செய்துகொண்ட ஒரு தலைமுறையே இங்கு இருக்கிறது. அதனாலேயே அதை ஊசி போடுவதைப் போன்ற சிறிய காரியமாக எண்ணும் வழக்கமும் இருக்கிறது. வலிக்குக் காரணம் தேடும்போது, பொதுவாக முழு மயக்கம் கொடுத்து, தொப்புளருகே துளையிட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் கர்ப்பப்பை, சினைக்குழாய்கள், சினைப்பைகள், குடல், அவற்றைப் போர்த்தியுள்ள சவ்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். எழுந்த பிறகு ஓரிரு நாள்களுக்குத் தோள்பட்டை வலிப்பது அந்த வாயுவின் வேலை. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் குடல், சிறுநீர்ப்பை, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றில் காயம் போன்ற கடுமையான சிக்கல் ஏறத்தாழ ஆயிரத்தில் இருவருக்கு நேரலாம் என்பதையும் அதே ராயல் கல்லூரி பதிவு செய்துள்ளது. சிறிய ஆபத்துதான், ஆனால் இல்லாத ஆபத்தன்று.

இதனால் நான் இந்தப் பரிசோதனைக்கு எதிரானவள் என்று யாரும் கருத வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், அதாவது கர்ப்பப்பையின் உள்வரியைப் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’யாகத் திரண்டால் அது ஸ்கேனில் தெரியும், சவ்வின்மீது மெல்லிய புள்ளிகளாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. அந்த இடத்தில் கேமராவுக்கு நிகரில்லை. காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில், சினைக்குழாய்களிலும் வயிற்றுச் சவ்விலும் ஒளிந்திருக்கும் காசநோயைச் சதை எடுத்துச் சோதித்து உறுதி செய்வதற்கும் இது பேருதவி புரிகிறது.

ஆனால் இதையே முதற்படியாக வைத்துக்கொள்ளும் காலம் மாறிவிட்டது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பிதான் இறுதி அளவுகோல் என்ற பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டு, ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதோ, மருந்து கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லாதபோதோ, அவ்வாறு மருந்து கொடுப்பது பொருந்தாதபோதோ மட்டும் அதைப் பரிந்துரைக்கிறது. கேமரா பார்க்க முடியாத இடங்களும் உண்டு. கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே வளரும் அடினோமயோசிஸ் வெளியிலிருந்து நோக்கும் கருவிக்குப் பெரும்பாலும் அகப்படாது. இரிட்டபிள் பவல் எனப்படும் குடல் தொல்லை, சிறுநீர்ப்பை வலி, இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம், சிசேரியன் தழும்பில் சிக்கிய நரம்பு ஆகியவையும் அப்படித்தான்.

இவற்றையெல்லாம் பிடிப்பதற்கு முதலில் வேண்டியது பொறுமையாகக் கேட்கும் காது. முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பீடி சுற்றும் பெண்ணிடம், எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கிறாள், எழும்போது எங்கே பிடித்துக்கொள்கிறது, மலம் கழித்தபின் வலி குறைகிறதா, தாம்பத்திய உறவில் வலிக்கிறதா, தீட்டு நாள்களில் கூடுகிறதா என்று யார் கேட்கிறார்கள்? பீடி சுற்றுவதுதான் வலிக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் அதைத் தள்ளவும் முடியாது என்கிறேன். படுக்க வைத்து, வலிக்கும் இடத்தில் விரலால் அழுத்திக்கொண்டே தலையைத் தூக்கச் சொன்னால், வலி கூடுபவர்களுக்கு வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கக்கூடும். இந்தச் சோதனைக்குக் காசும் செலவில்லை, மயக்கமும் வேண்டாம். பெருங்கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

துளை போட்டுப் பார்த்து எதுவும் தென்படாதபோது நடப்பதுதான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. “உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை” என்று மருத்துவர் நல்ல செய்தியாகவே சொல்கிறார். அது வீடு போய்ச் சேரும்போது, இத்தனை நாளும் வலி வலி என்று நடித்தாள் என்ற தீர்ப்பாகிவிடுகிறது. மாமியாரும் கணவரும் அப்படி நினைப்பது ஒருபுறமிருக்க, நாளடைவில் அவளே தன் வலியைச் சந்தேகிக்கத் தொடங்குகிறாள். எண்டோமெட்ரியோசிஸ் மிகுதியாகப் படர்ந்தவர்களில் சிலருக்கு வலியே இல்லாமலும், ஓரிரு புள்ளிகளே உள்ளவர்களில் சிலருக்குத் தாங்க முடியாத வலியும் இருப்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். கண்டுபிடித்ததெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடுவதும் இல்லை. வயிற்றுக்குள் ஒட்டுதல்கள், அதாவது உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புத் திசு, இருந்த 100 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுதல்களைப் பிரித்துவிடப்பட்டவர்களும், துளை வழியே பார்த்துவிட்டு அப்படியே விடப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குணமடைந்தனர்.

இதன் அடுத்த படி இன்னும் மோசமானது. காரணம் தெரியாத வலிக்கு, “பிள்ளைதான் பெற்றாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்” என்ற யோசனை முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக்கூடச் சொல்லப்படுகிறது. வலி தசையிலோ குடலிலோ இருந்தால், கர்ப்பப்பை போன பிறகும் அது அங்கேயே இருக்கும்.

ஒப்புதல் கையெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று அகற்றிய வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவான தீர்ப்பு அளித்தது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, அவர் கண்விழிக்கும் வரை காத்திருந்து அவரிடமே கேட்க வேண்டும். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் கணவர் கையெழுத்திட்டால் போதும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. படிவம் தமிழில் இருக்க வேண்டும்; ‘எதுவும் தென்படாமலும் போகலாம்’ என்ற வரியும், நோய் தென்பட்டால் அப்போதே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எடுத்த படங்களையும் சதைப் பரிசோதனை முடிவையும் நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட்டால், வேறு மருத்துவரிடம் போகும்போது மறுபடியும் துளை போட வேண்டிய நிலை பலருக்கு வராது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இது குறித்து அடுத்த கட்டுரை வெளியிடும்போது, துளை போட்டுப் பார்த்தும் காரணம் தெரியாதவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும், இடுப்புத்தளத் தசைகளுக்கான இயன்முறைப் பயிற்சியும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்தெந்த அரசு மருத்துவமனைகளில், எந்தக் கிழமைகளில் கிடைக்கின்றன என்பதை விசாரித்து அதே பக்கத்தில் பட்டியலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.