சிலிண்டரை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? லீட்ஸ் நண்பனுக்கு ஒரு கடிதம்

பாம்பன்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உன் மகள் மேற்படிப்பில் சேர்ந்த செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், மிகவும் மகிழ்ந்தார்கள். வீட்டில் காய்ச்சும் பீரை இனிப் புட்டிகளில் அடைக்காமல் கெக் என்னும் எவர்சில்வர் பீப்பாயில் நிரப்பிக் குழாய் வழியாகப் பிடிக்கப்போவதாகவும், அதற்கான கரியமில வாயு சிலிண்டரைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். இங்கே வீட்டில் மது காய்ச்சச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நீ இருக்கும் இங்கிலாந்திலோ 1963ஆம் ஆண்டிலிருந்தே, விற்காமல் தன் வீட்டுக்காகக் காய்ச்சுகிறவருக்கு உரிமம் தேவையில்லை. காய்ச்சுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அப்பா காலத்திலிருந்து சோடா கம்பெனி நடத்துகிற எங்கள் வீட்டில் அந்தச் சிலிண்டர் இல்லாத நாள் இல்லை என்பதால், அதைப் பற்றி உறுதியாகவே பேசலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத வாடகைக்கு எடுக்காதே. முன்பணம் கட்டி, காலியானதைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ளும் முறையில், மதுக்கடைகளுக்குச் சிலிண்டர் போடும் உள்ளூர் வியாபாரி தருவார் என்று எழுதியிருந்தாயே, அதுவே உனக்கு ஏற்றது. அது கைகூடாவிட்டால் சொந்தமாக வாங்கு. ஆனால் அதை நிரப்பித் தருகிறவர் யார் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் பணத்தைக் கொடுக்காதே.

இதற்குக் காரணம் உனக்கு எவ்வளவு வாயு வேண்டும் என்ற கணக்கில் இருக்கிறது. உன் கெக் 19 லிட்டர். பீரில் வழக்கமாகக் கரைக்கும் அளவில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் வாயு கரையும். ஆகவே ஒரு கெக்குக்குச் சுமார் 95 கிராம். பிறகு அந்தப் பீரைக் குழாய் வழியாக வெளியே தள்ளவும், நிரப்புவதற்கு முன் கெக்கின் உள்ளே இருக்கும் காற்றை விரட்டவும் ஆகும் வாயுவைச் சேர்த்து, தாராளமாகவே 200 கிராம் என்று வைத்துக்கொள். உங்கள் நாட்டு மதுக்கடைகளில் புழங்கும் 6.35 கிலோ சிலிண்டர் ஒன்று உனக்கு முப்பது கெக்குகளுக்கு மேல் வரும். மாதம் ஒரு கெக் காய்ச்சுவதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒரு முறை நிரப்பியது இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக உன் வீட்டு மூலையில் நிற்கும். அந்த முப்பது மாதமும் வாடகை கட்டிக்கொண்டிருந்தால் நீ வாயுவுக்குக் கொடுக்கும் பணம் சிறிதாகவும் இரும்புக்குக் கொடுக்கும் பணம் பெரிதாகவும் போகும். வாடகை என்பது சிலிண்டரை வேகமாகக் காலி செய்து திருப்பி அனுப்புகிறவருக்காக ஏற்பட்ட ஏற்பாடு; மெதுவாகச் செலவழிக்கிறவரை அது தின்றுவிடும்.

நான் ஏன் வாடகைச் சிலிண்டரையே வைத்திருக்கிறேன் என்று நீ கேட்கலாம். எங்களுக்கு வருவது 46.7 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய உருளை. அதில் 30 கிலோ அளவுக்கு வாயு இருக்கும். வெயில் காலத்தில் ஒன்று தீர்வதற்குள் அடுத்ததற்குச் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட நாள்களுக்குள் காலியைத் திருப்பிவிட்டால் வாடகை ஏதும் இல்லை. மீறினால்தான் நாள் கணக்கில் ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிவிடுவதால் துறைமுகத்துப் பக்கம் சோடா விற்பனை படுத்துவிடும். அப்போது வேண்டாத சிலிண்டர்களை உடனே திருப்பி அனுப்பிவிடுகிறோம். சொந்தச் சிலிண்டராக இருந்தால் அந்த இரண்டு மாதமும் அதைத் துருவிலிருந்து காப்பதே ஒரு வேலையாகிவிடும்.

துரு என்று நான் சும்மா சொல்லவில்லை. இந்தக் கரையில் வளர்ந்த உனக்கு அது தெரியும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கதவின் கீல் முதல் தராசின் கொக்கி வரை எல்லாவற்றிலும் உப்புப் படிந்துவிடும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு மிகுந்து 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குக் கடல் உப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தேவைப்பட்டன. அந்தக் காற்றேதான் என் கொட்டகைக்குள்ளும் வீசுகிறது. சிலிண்டரின் உடம்பில் பெயிண்ட் நன்றாகவே இருக்கும். ஈரத் தரையில் நிற்கும் அடிவளையத்தைச் சாய்த்துப் பார்த்தால் செதில் செதிலாகத் துரு உதிரும். வால்வின் மரைக்குள் உப்புப் பூத்து நிற்கும். இங்கே விதிப்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை, அதாவது நாங்கள் சொல்லும் ஹைட்ரோ டெஸ்ட், செய்தாக வேண்டும். அதில் தேறாத உருளை பழைய இரும்புக்குத்தான் போகும். அந்த இழப்பு வாயுக் கம்பெனியின் தலையில் இருப்பதே எனக்கு நல்லது. உன் ஊரில் கடல் காற்று இல்லை. சோதனையும் பத்தாண்டுக்கு ஒரு முறைதான். ஆகவே என் வழக்கத்தை நீ அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

முன்பண முறை எப்படிப்பட்டது என்று விளக்க நம் வீட்டு அடுப்புச் சிலிண்டரையே நினைத்துக்கொள். 14.2 கிலோ சிலிண்டரை இங்கே யாரும் விலைக்கு வாங்குவதில்லை. இணைப்புக்கு ஒரு முறை முன்பணம் கட்டுகிறோம், காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்குகிறோம், அதைச் சோதிப்பதும் செப்பனிடுவதும் கம்பெனியின் வேலை. ஊரை விட்டுப் போகும்போது உருளையை ஒப்படைத்தால் கட்டிய பணம் திரும்பும். உனக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்: முன்பணம் முழுவதும் திரும்புமா அல்லது ஆண்டுக்கு ஒரு பங்கு கழியுமா, எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், இடையில் சோதனைத் தேதி முடிந்தால் மாற்றித் தரும் செலவு யாருடையது. கழிவு உண்டு என்றால் அதுவும் வேறு பெயரில் வரும் வாடகைதான்.

இனிச் சொந்தமாக வாங்குவதைப் பற்றி. புதிய சிலிண்டரை விற்கிறவர் பலர் இருப்பார்கள். அதை நிரப்புகிறவர் சிலரே. வாயு நிரப்பும் இடத்தில், அடுத்தவர் உருளையை நிரப்பினால் வரும் பொறுப்பை எண்ணித் தயங்குவார்கள். தங்களுடையதை மட்டுமே நிரப்புவோம் என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நேரில் போய், இந்த அளவு, இந்த வகை வால்வு, இந்தச் சோதனை முத்திரை உள்ள சிலிண்டரை நிரப்புவீர்களா என்று கேள். ஆம் என்று ஒருவர் சொன்ன பிறகே வாங்கு.

பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் அதன் கழுத்துப் பகுதியை விரலால் தடவிப் பார். பெயிண்டுக்கு அடியில் எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும்: வரிசை எண், காலி எடை, சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த தேதி, பல உருளைகளில் உரிமையாளரின் பெயரும். ஒரு வாயுக் கம்பெனியின் பெயர் குத்தியிருந்தால், விற்கிறவர் என்ன காரணம் சொன்னாலும் அது அந்தக் கம்பெனியின் சொத்துதான். கையில் பில் இருந்தாலும் வாங்காதே. அந்த எழுத்துகளின் மேல் யாராவது அரத்தைப் போட்டு ராவியிருந்தால் அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிடு.

தீயணைப்பானில் இருக்கும் வாயுவும் அதுதானே, அதையே கெக்குக்கு மாட்டுகிறார்களே என்றும் கேட்டிருந்தாய். வாயு அதுதான், ஆனால் தீயணைப்பானுக்குள் அடிவரை இறங்கும் ஒரு குழாய் உண்டு. நிமிர்த்தி வைத்துத் திறந்தால் வாயுவாக வராமல் திரவமாகவே வரும். அது ரெகுலேட்டருக்குள் புகுந்தால் ரெகுலேட்டரும் கெடும், அதன் பின்னால் இருக்கும் குழாய்க்கும் கெக்குக்கும் ஆபத்து. தவிர, குடிக்கும் பொருளில் சேரும் வாயுவை அதற்கென்று நிரப்பித் தருகிறவரிடம் வாங்குவதே முறை. இந்த ஒன்றில் நான் சிக்கனம் பார்ப்பதே இல்லை. சோடா தயாரிக்கும் வீட்டு இயந்திரத்துக்கு வரும் 425 கிராம் சிறு உருளையைப் பற்றியும் எழுதியிருந்தாய். அது மூன்று கெக்குக்குக்கூட முழுதாக வராது, விலையும் கட்டாது.

எந்த வழியில் வாங்கினாலும் தராசு ஒன்று வைத்துக்கொள். சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாகவே இருக்கிறது; அதன் மேல் நிற்கும் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, மீதி எவ்வளவு என்பதைப் பொறுத்தது அன்று. 20 டிகிரியில், நிறைந்த சிலிண்டரும் கால்வாசி உள்ள சிலிண்டரும் அழுத்தமானியில் 57 பார் அளவைத்தான் காட்டும். திரவம் முழுவதும் தீர்ந்த பிறகே முள் இறங்கும், அப்போது வாயு முடியும் தறுவாய். சிலிண்டரைக் குளிர்பெட்டிக்குள் 4 டிகிரியில் வைத்தால் முள் 39 பாருக்கு வந்து நிற்கும். வாயு குறைந்துவிட்டது என்று எண்ணி நீ நிரப்பக் கொண்டுபோய்விடாதே. மொத்த எடையிலிருந்து கழுத்தில் குத்திய காலி எடையைக் கழித்தால் வருவதே கணக்கு. நிரப்பிக் கொண்டுவந்த அன்றே இப்படி நிறுத்துச் சுவரில் எழுதி வைத்துவிடு. இங்கே சித்திரையில் இன்னொரு சிக்கல் உண்டு: 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற வேறுபாடே இராது, அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். அதனால்தான் உருளையை முட்ட நிரப்பாமல் இடம் விட்டு நிரப்புகிறார்கள், நாங்களும் வெயில் படாமல் வைக்கிறோம். அந்தப் புழுக்கத்திலும், புட்டிகளை வேகமாக நிரப்பும்போது ரெகுலேட்டரின் மேல் வெள்ளையாக உறைபனி பூப்பதைப் பார்த்தால் புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளே திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதன் விளைவு அது.

பீரை நன்றாகக் குளிரவைத்த பிறகே வாயுவைச் செலுத்து. 4 டிகிரியில் 0.8 பார் அழுத்தத்திலேயே சில நாள்களில் வேண்டிய அளவு கரைந்துவிடும்; சூடாக இருந்தால் அதைவிட மிகுந்த அழுத்தம் வேண்டும், வீணாவதும் கூடும். நாங்களும் சோடாவுக்கான நீரை முதலில் குளிரவைப்பது இதற்காகத்தான்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வை. சங்கிலியால் சுவரோடு கட்டு. வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் இருக்கும் வாஷரை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் புதிதாகப் போடு, பிறகு சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார். உன் வீட்டின் நிலவறையில் வைக்கலாம் என்று நீ எழுதியது எனக்குக் கவலை தருகிறது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கும், மணமும் நிறமும் இல்லாததால் தேங்கியது தெரியாது. காற்றோட்டமில்லாத நிலவறையில் அது உயிரைப் பறித்துவிடும். மேல்தளத்தில், சன்னல் உள்ள இடத்தில் வை. இடமே இல்லையென்றால் வாயு அளவைக் காட்டி ஒலியெழுப்பும் கருவியை வாங்கி மாட்டிய பிறகே சிலிண்டரைக் கீழே இறக்கு. சிலிண்டரில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இதற்குச் செலவிடு என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வியாபாரி சொல்லும் முன்பண விதிகளையும், அவர் காட்டும் உருளையின் கழுத்தில் குத்தியிருக்கும் எழுத்துகளையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. பணம் கட்டுவதற்கு முன் நானும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்