வில்லியம்ஸ் அணி மேனேஜர் அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

நல்லா இருக்கிறாயா? நான் போன் பண்ணும்போதெல்லாம் உனக்கு மீட்டிங், நீ கூப்பிடும்போது எனக்கு அடுப்பில் வேலை, அதனால் எழுதியே விடுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் நான் எஃப்1 மேனேஜர் 2023, அதாவது ஃபார்முலா 1 கார் ரேஸ் அணியை நிர்வாகம் பண்ணுகிற கேம், ஆடுவதை அப்பா உன்னிடம் போட்டுக்கொடுத்திருப்பார். சிரிக்காதே. உன்னுடைய ஆட்டத்தை நான் தொடவில்லை, ஆனால் திறந்து பார்த்தேன். அதில் இருப்பதிலேயே பலமான ரெட் புல் அணி, சாம்பியன் வெர்ஸ்டாப்பன் டிரைவர், அது போதாதென்று ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் ஒரு சேவ். எதுக்கு? தோற்றால் மறுபடியும் லோட் பண்ணி ஆடத்தானே? அதைப் பற்றித்தான் உன்னிடம் பேசணும்.

நான் எடுத்திருப்பது வில்லியம்ஸ். 9 முறை சாம்பியனான அணி, ஆனால் கடைசிப் பட்டம் 1997இல், கடைசியாக ஒரு ரேஸ் ஜெயித்தது 2012இல் பார்சிலோனாவில். 2022இல் பத்து அணியில் பத்தாவது. கடைசியில் இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு, கவனித்தாயா? விண்ட் டனல் நேரம், அதாவது கார் மேல் காற்றை அடித்துச் சோதிக்கிற கூடத்தில் ஒதுக்கும் நேரம். ஏழாவது வந்த அணிக்கு 100 சதவீதம் என்றால் சாம்பியனுக்கு 70தான், நமக்கு 115. நிஜ எஃப்1இலும் இதே விதிதான். உன் ரெட் புல்லில் உட்கார்ந்திருந்தால் இதன் அருமை தெரியாது.

கார் ஓட்டுகிற கேமாக இருந்தால் எனக்குத் தலை சுற்றியிருக்கும். இதில் ஸ்டீயரிங்கே கிடையாது, எல்லாம் கணக்கு. பட்ஜெட் கேப்பை, அதாவது அணி ஒரு வருஷத்தில் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பைப் பார்த்ததும் சொசைட்டியில் வேலை பார்த்த ஞாபகம்தான் வந்தது: பேங்கில் பணம் இருக்கும், ஆனால் அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் ஒரு பைசா எடுக்க முடியாது. டிரைவர் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது, கார் மூக்கில் இருக்கிற இறக்கை, அந்த ஃப்ரண்ட் விங் உடைந்தால் அதற்குப் பதிலாகப் புதிதாகச் செய்வது வரும். அதனால் யாராவது சுவரில் இடித்தால் எனக்கு முதலில் பில்தான் கண்ணில் தெரிகிறது, அப்புறம்தான் அந்தப் பையனுக்கு அடிபட்டதா என்றே யோசிக்கிறேன், அப்பா இதைச் சொல்லியே கிண்டல் பண்ணுகிறார்.

போன வாரம் கேமில் இத்தாலியின் மொன்சா ரேஸ். நேர்ப்பாதையில் நம் கார் நன்றாக ஓடும், அதனால் ஆசையாக இருந்தேன். என் டிரைவர் ஆல்பன் எட்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தான். மீடியம் டயர் தேய்ந்ததும் பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றுகிற இடத்துக்குள் கூப்பிட்டு, சீக்கிரம் தேயாத ஹார்ட் டயர் மாட்டி அனுப்பினேன். எல்லாம் திட்டப்படி. அடுத்த சுற்றிலேயே என் இன்னொரு டிரைவர் சார்ஜென்ட் சுழன்று போய்த் தடுப்பில் மோத, பாதையைச் சரிசெய்யும் வரை எல்லாரையும் மெதுவாகப் போகவைக்கிற சேஃப்டி கார் வந்துவிட்டது. எல்லாரும் மெதுவாகப் போகும்போது பிட்டுக்குள் வந்தால் நேர இழப்பு ரொம்பக் குறைவு, முன்னால் இருந்தவனெல்லாம் வரிசையாக வந்து புது டயரோடு போய்விட்டான், ஆல்பன் பதிமூன்றாவது. சொந்த டிரைவர் இடித்ததில் சொந்த டிரைவருக்கே நஷ்டம்! கை லோட் பட்டனுக்குப் போனது, ஆனால் அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் ஒரு ஏழாமிடம் கிடைத்திருக்கும், ஆனால் உடைந்த பாகங்களுக்குப் பதில் எதைச் செய்வது, காரின் அடிப்பாகமான அண்டர்ஃப்ளோரைப் புதிதாகச் செய்வதைத் தள்ளிப்போடலாமா என்று நான் ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்திருக்க மாட்டேனே. கேமே அதுதான் கண்ணு.

சின்ன அணிக்கு அதிர்ஷ்டம் எப்போது வரும் என்று தெரியாது, வரும்போது இரண்டு காரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜோர்டான் என்ற சின்ன அணிக்கு எஃப்1 ஓட்டிய நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கோ. 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ரேஸில் டயர் ஆபத்து என்று மிஷெலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் ஸ்டார்ட்டுக்கு முன்பே உள்ளே போய்விட்டன, ஓடியது வெறும் 6 கார். ஜோர்டான் கார் இரண்டும் மூன்றாவது, நாலாவது இடத்தில் வந்தன, அதில் நாலாவது வந்தது நரேன். ஜோர்டான் அந்த வருஷம் முழுக்க எடுத்தது 12 பாயிண்ட், அதில் 11 அன்றைக்கு ஒரே நாளில் வந்தது. ஃபெராரி மேனேஜர் யாரும் அந்த 11 பாயிண்டுக்கு என்னைப் போல சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சீசனுக்கு இரண்டாவது டிரைவர் வேண்டும். அனுபவசாலிக்குச் சம்பளம் ஜாஸ்தி, ஆனால் சுவரைத் தேடிப் போக மாட்டான். எஃப்1க்கு ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2இல் இருக்கிற சின்னப் பையன் குறைந்த சம்பளத்துக்கு வருவான், வளருவான், ஆனால் அதுவரைக்கும் எத்தனை விங் போகுமோ. எனக்கு சின்னவன் மேல்தான் ஒரு கண். அப்பா வேண்டாம் என்கிறார், அவருக்கு என்ன தெரியும், இன்னும் இன்டர்மீடியட் டயர் எந்தக் கலர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பேசி முடிவு பண்ணலாம். அப்புறம் அந்த டயர் சூடு காட்டுகிற எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, பெரிசாக்க வழி இருந்தால் அதையும் சொல்லு.

அம்மா