கயிறு பிடித்தவர்களுக்கு

பெரியவர்களுக்கு வணக்கம். அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் என் அன்பு.

எங்கள் கட்டடத்து வாசலில் எட்டடிப் பீடத்தின் மேல் நின்ற சங்கு குளிக்கிறவர் சிலை, இப்போது முற்றத்தின் வடகிழக்கு மூலையில், பழைய பூவரசு மரத்தடியில் நிற்கிறது. ஒரு சாண் உயர மேடைதான். பக்கத்தில் போய் நின்றால் அவர் முகமும் நம் முகமும் நேருக்கு நேர் பார்க்கும். சுற்றி இருந்த கம்பி வேலி போய்விட்டது. வண்டி நிறுத்த மட்டும் பயன்பட்ட வெயில் தளத்தில் இன்று உட்கார இடம் இருக்கிறது, குடிக்கப் பானைத் தண்ணீர் இருக்கிறது. இதற்குக் கை கொடுத்த ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கத்தான் நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் அறுபது பேருக்கு மேல் வருகிறது. யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சிலை யார் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பா யாரிடமும் சொன்னதில்லை. அது என் மாமா. அப்பாவுடைய அக்காள் கணவர். எங்கள் கடற்கரையில் முத்துக்கும் சங்குக்கும் முங்கப் போகிறவர், கயிற்றைத் தன் மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடலில் இறங்குவார் என்று சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலிக்கு ஆபத்து வர அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. மாமா முங்கிய காலத்தில் படகில் கயிறு பிடித்தது அப்பா. பிறகு வியாபாரத்துக்கு வந்து, நாலு காசு சேர்த்து, 1998-ல் பஸ் நிலையத்துக்கு எதிரே இந்த நான்கு மாடிக் கட்டடத்தைக் கட்டினார். அடுத்த வருடமே மாமல்லபுரத்திலிருந்து ஒரு கல்தச்சரை வரவழைத்து, ஒரே ஒரு பழைய போட்டோவை வைத்துக்கொண்டு இந்தச் சிலையைச் செய்ய வைத்தார். இடுப்பில் சங்குப் பை, தோளைச் சுற்றி இறங்கும் கயிறு, அதைப் பற்றியிருக்கும் இடது கை. மரியாதை கொடுக்க வேண்டும் என்றுதான் அத்தனை உயரத்தில் வைத்தார். அந்த உயரத்தில் முகம் யாருக்கும் தெரியாமல் போனதை அவர் யோசிக்கவில்லை.

இடம் மாற்ற வேண்டிய கட்டாயம் பீடத்தால் வந்தது. உப்புக் காற்று சிமெண்டுக்குள் புகுந்து உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். நம் ஊரில் பழைய மொட்டை மாடிகள் காரை உதிர்வதெல்லாம் இதனால்தான். பீடத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றேகால் டன் கல், அதன் காலடியில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள்.

போன வருடம் நாங்கள் செய்த முதல் முயற்சி சரியாக அமையவில்லை. பணி எடுத்தவர்கள் நேரடியாக இரும்புக் கயிற்றைக் கட்டித் தூக்கப் பார்த்தார்கள். கயிறு வழுக்கி, இடது கையின் சுண்டுவிரல் நுனி தெறித்து விழுந்தது. அத்தோடு வேலையை நிறுத்திவிட்டு, பீடத்தைச் சுற்றி முட்டுக் கொடுத்து, யாரும் கிட்டே போகாமல் அடைத்து வைத்தோம். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதனால் என் முதல் நன்றி எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு. எல்லோரும் போன பிறகு, டார்ச் அடித்து, சல்லிக்குள் தேடி, அந்த நுனியைக் கண்டெடுத்திருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. காலியான பெருங்காய டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் போட்டுப் பதினோரு மாதம் காப்பாற்றி வைத்திருந்தார். சிலை செய்த பெரியவர் மறுபடி வந்த அன்று, அந்த டப்பாவைத் திறந்து அவர் கையில் கொட்டினார். ஒரு அங்குலம்கூட இல்லாத கருங்கல் துண்டு, இன்னும் பெருங்காய வாசனையோடு. பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கல்தச்சர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்! எழுபது வயதுக்கு மேல், முட்டிவலியோடு, பஸ் ஏறி வந்தார். ஊசி போன்ற துருப்பிடிக்காத கம்பியைச் செருகி, எபாக்ஸி பசை வைத்து விரலை ஒட்டினார். ஒட்டின கோடு உற்றுப் பார்த்தால் தெரியும். அதை மறைக்கப் பூச்சு எதுவும் பூசவேண்டாம் என்று அவரே சொன்னார்.

அவரைக் கேட்காமல் சிலையில் கை வைக்கக்கூடாது என்று எங்களுக்குப் புரிய வைத்தது மதுரையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் தங்கை. நியூயார்க்கில் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்தின் முன்முற்றத்தில் 1981-ல் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் ஓர் இரும்புச் சுவரை நிறுத்தினாராம். குறுக்கே நடக்க முடியவில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் முறையிட்டார்கள். இந்த இடத்துக்கென்றே செய்தது, இதை நகர்த்துவதும் அழிப்பதும் ஒன்றுதான் என்று சிற்பி வாதாடினார். கடைசியில் 1989 மார்ச்சில் ராத்திரியோடு ராத்திரியாக அதை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. நாம் முதலில் செய்தவரிடம் கேட்போம் அக்கா என்றாள் அந்தப் பெண். கேட்டோம். “கல்லுக்கு இடம் முக்கியமில்லம்மா, பார்க்கிற கண்ணுக்குத்தான் இடம் முக்கியம். கீழே இறக்குங்க” என்றார் ஐயா. அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

சிலையை அசைக்கக்கூடாது என்று மனுக் கொடுத்த பெரியவர்களுக்கும் நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. மெரினாவிலிருந்து 2001 டிசம்பரில் எடுத்த கண்ணகி சிலை, 2006 ஜூனில்தான் திரும்ப நின்றது. எடுத்தால் வருமா என்ற கேள்வி நம் ஜனங்களுக்குச் சும்மா வரவில்லை. புது இடத்தில் மேடை கட்டி முடித்த பிறகுதான் பழைய இடத்திலிருந்து இறக்க வேண்டும் என்று அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது எவ்வளவு நல்ல நிபந்தனை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள்கூடச் சிலை கேட்பாரற்றுக் கிடக்கவில்லை.

முற்றத்தை எப்படி அமைப்பது என்பதில் எங்களைத் திருத்தியது மீன்கூடை அக்காமார்கள். முதல் வரைபடத்தில் மரங்கள் எல்லாம் கட்டடச் சுவரை ஒட்டி இருந்தன. காலை பத்து மணிக்கு வெறும் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அக்கா அதைப் பார்த்தார். “சாயங்காலம் ஒங்க கட்டடமே நெழல் குடுக்குமே தாயி, அங்க எதுக்கு மரம்? காலையில கெழக்கு வெயிலுதான் எங்க மூஞ்சியில அடிக்கி” என்றார். கட்டடம் கிழக்குப் பார்த்தது; மதியத்துக்கு மேல் முற்றம் முழுக்க அதன் நிழலில்தான் இருக்கும். இருபத்தைந்து வருடமாக அந்த வாசலில் ஏறி இறங்கும் எனக்கு இது தோன்றவில்லை. ஆர்க்கிடெக்ட் தங்கை அங்கேயே பென்சிலை எடுத்து மரங்களைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றினாள். பூவரசுப் போத்தும் (வெட்டி நட்டு வேர்விட வைக்கும் கிளை) புங்கையும் வைத்திருக்கிறோம். உப்புக் காற்றைத் தாங்கும் மரங்கள். திண்ணையின் உயரமும் அக்காமார் சொன்னதுதான்: தலைக்கூடையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க ஒரு மேடை, உட்கார அதற்குக் கீழே ஒரு மேடை. அமெரிக்காவில் வில்லியம் வைட் என்பவர் 1970-களில் அலுவலகக் கட்டட முற்றங்களை வருடக்கணக்கில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, உட்கார இடம் உள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று சொன்னாராம். எங்கள் அக்காமார் அதைத் திண்ணை உயரத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

வழுவழு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, கொத்திய கருங்கல் பலகையை மணல் இடைவெளி விட்டுப் பதிக்கச் சொன்ன கொத்தனார் அண்ணனுக்கும் நன்றி. இந்தக் கரையில் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற நல்ல தண்ணீர்தான் நம் கிணறு. மழை உள்ளே இறங்கினால்தான் அது நிலைக்கும்.

இனி அந்த நாள். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் என்பதால் கடற்கரைத் தம்பிமார்கள் ஊரில் இருந்தார்கள். கச்சான் காற்று ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியற்காலையைக் குறித்தோம். மேலே போகும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, முடியும் வரை கம்பத்தடியிலேயே நின்ற லைன்மேன் அண்ணன்களுக்கு நன்றி. ஹைட்ரா கிரேன் ஓட்டிய தம்பி இருபத்தைந்து வயதுகூட இருக்கமாட்டான். கோணிச்சாக்கு சுற்றி, அகல நைலான் பெல்ட்டை இரண்டு இடத்தில் போட்டு, ஒரு சாண் தூக்கி, நிறுத்தி, கீழே இறங்கி வந்து பெல்ட்டைத் தட்டிப் பார்த்து, மறுபடி ஒரு சாண். பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல எடுத்தான்.

மூலையில் பழைய கிணறு இருப்பதால், கிரேன் அங்கே போனால் மண் தாங்காது என்று பொறியாளர் தம்பி முன்பே சொல்லியிருந்தார். கடைசி முப்பது அடி மனுசக் கைதான். சிலையைப் பலகையில் கிடத்தி, கீழே பனங்கட்டைகளைப் போட்டு, வள்ளத்தைக் கரையேற்றுகிற மாதிரியே இழுத்தார்கள். முன்னால் பதினாறு பேர், பின்னால் சறுக்காமல் பிடிக்க ஆறு பேர். டீக்கடை பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து பின்கயிற்றைப் பிடித்தார். மனுக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார்கள். ஏலேலோ என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஐலசா என்றார்கள். அந்தச் சத்தத்தில் அப்பாவை நினைத்து நான் அழுதுவிட்டேன். அப்புறம் மூன்று கால் சட்டமும் கனம் தூக்கும் செயின் பிளாக்கும் வைத்து நிமிர்த்தி, அடிக்கல்லில் போட்ட துளைகள் இரண்டும் புதுக் கம்பிகள் மேல் சரியாக இறங்கும் வரை அரை மணி நேரம். இந்த முறை கடல் காற்றைத் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போட்டிருக்கிறோம். அதன் விலை அதிகம் என்று நான் தயங்கியபோது, மாடியில் வாடகைக்கு இருக்கும் கிளினிக் டாக்டரும் டியூஷன் சாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். கேட்காமலே.

மூன்று மாதம் தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட மற்ற வாடகைதாரர்களுக்கும், ஒப்புதல் தாளுக்கு எங்களை அலையவிடாத நகராட்சி அலுவலர்களுக்கும் நன்றி.

மறுநாள் அத்தையை ஆட்டோவில் கூட்டிவந்தோம். எண்பத்திரண்டு வயது. சிலை வந்த நாளிலிருந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்ததுதான், முகத்தைத் தொட்டதில்லை. மெதுவாக நடந்து போய் எதிரே நின்றது. கன்னத்தையோ கண்ணையோ தொடவில்லை. நேராக இடது காதின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டது. “இந்தக் காதுதான் அவுகளுக்குக் கேக்காது. முங்கி முங்கிப் போயிருச்சு. நான் எப்பவும் வலப்பக்கம்தான் படுப்பேன்” என்றது. கல்தச்சர் ஐயாவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. போட்டோவில் காதே சரியாகத் தெரியாது. ஆனாலும் சிலையின் தலை, வலது காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி லேசாகத் திரும்பியிருக்கிறது.

அத்தையை மெல்லப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்து, முந்தானையால் விசிறிவிட்டது அந்த மீன்கூடை அக்காதான். அதற்கும் சேர்த்து நன்றி அக்கா.

புதுப் போத்துகளுக்குத் தினமும் சாயங்காலம் ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது டியூஷன் பிள்ளைகள். யார் எந்த மரம் என்று அவர்களே சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். தெற்கு ஓரத்தில் இருக்கிற மூன்றாவது போத்தில் போன வாரம் இரண்டு இலை துளிர்த்தது. அதன் பொறுப்பு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்ட,
கட்டடத்துக்காரர் மூத்த மகள்