ஓலைக்கொட்டானுக்கு எல்லைக் கோடு

ஆசிரியருக்கு,

கைவினைப் பொருட்கள் பலவற்றின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதைப் பாராட்டும் தலையங்கம் படித்தேன். பாராட்டு நியாயமே. ஆனால், ஜிஎஸ்டி பதிவே இல்லாத எங்களைப் போன்றோரின் இடைஞ்சல் வேறு. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஓலை, நார்ப் பொருட்களைப் பதிவின்றியே வெளிமாநில வாடிக்கையாளருக்கு நேரடியாக அனுப்பலாம். அதே பொருளை மின்வணிகத் தளம் வழியாக அனுப்பப் பதிவு கட்டாயம். 2023 அக்டோபரில் வந்த தளர்வும் மாநிலத்துக்குள் விற்பதோடு நின்றுவிட்டது.

அக்கம்பக்கத்துப் பெண்களுடன் சேர்ந்து கொட்டான் எனும் செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை முடைந்து இணையத்தில் விற்கிறேன். கல்யாணத் தாம்பூலத்துக்காக பெங்களூரிலிருந்து 150 கொட்டான் கேட்டு ஒரு தளத்தில் விசாரணை வந்தது; மறுக்க வேண்டியதாயிற்று. சொந்த இணையதளம் நடத்தலாமே என்பார்கள். நடத்துகிறேன், தேடி வருபவர்கள்தான் இல்லை! பதிவு செய்துகொண்டு, தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் வைத்தால், கொட்டானில் கிடைக்கும் சொற்ப லாபம் அவருக்கே போய்விடும்.

நேரடி விற்பனையில் கைவினைப் பொருட்களுக்குள்ள பதிவு விலக்கை, அதே 20 லட்சம் வரம்போடு, மின்வணிகத் தளங்கள் வழியான வெளிமாநில விற்பனைக்கும் நீட்டிக்குமாறு ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழக அரசு வலியுறுத்த வேண்டும்.

– ஒரு வாசகி, காரைக்குடி