இடப்பக்கம் ஓட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், 'அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சென்னையில் கார் ஓட்டியவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மகள் லீட்ஸில் இருக்கிறாள். அங்கே நானும் ஓட்டியிருக்கிறேன். அந்த இடப்பக்கம்தான் ஆளை ஏமாற்றுவதே. எல்லாம் நம்ம ஊர் மாதிரி இருக்க, கை தானாகப் பழைய பழக்கத்துக்குப் போய்விடும். நாம் ஹெட்லைட்டை அடித்தால் 'நான் வர்றேன், நில்லு' என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் 'நீங்க வாங்க' என்பதற்குத்தான் அடிக்கிறார்கள். அவர்களுடைய சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட், நாம் இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே அதை அடிக்கச் சொல்கிறது. அது வேறு. இருபுறமும் கார்கள் நிறுத்திய ஒரு குறுகல் தெருவில் எங்கள் உறவுக்காரப் பையன் வழக்கம்போல லைட் அடித்துக்கொண்டே நுழைந்தான். எதிரே வந்த அம்மாள் தன்னைக் கூப்பிடுகிறான் என்று நினைத்து வந்துவிட்டார். வலப்பக்கக் கண்ணாடி பெயர்ந்து ஒயரில் தொங்கியது. யாருக்கும் அடிபடவில்லை, அதுவரை சரி.

அப்புறம் ஜீப்ரா கோடு. இருபுறமும் மஞ்சள் உருண்டை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். கோட்டில் கால் வைத்தவருக்கு நின்றே ஆக வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிடச் சொல்கிறார்கள். இங்கே பள்ளிக்கூட வாசலிலேயே கோடு அழிந்து கிடக்கிறது. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அது பற்றி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. 'கட்டுப்பாட்டை இழந்த கார் மோதியது' என்று மட்டும் வாரம் தவறாமல் போடுகிறீர்கள். காரை ஓட்டியவர் எங்கே போனார் ஐயா?

நம் லைசென்ஸை வைத்தே அங்கே 12 மாதம் கார் ஓட்டலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தனியாகத் தேர்வு ஏதும் கிடையாது. கோடை விடுமுறையில் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் உங்களைப் போன்றவர்கள் எழுதுவதை நம்பித்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். இத்தனை வருஷம் உங்கள் பத்திரிகையை நம்பியவள் என்பதால்தான் இந்த வருத்தம்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக, ஹெட்லைட், ஜீப்ரா கோடு, ரவுண்டானாவில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடுவது, இந்த மூன்றையாவது போடுங்கள்.

நெடுநாள் வாசகி,
நங்கநல்லூர், சென்னை - 61