அன்பியத்தில் விடுபடும் ஆறாம் படி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்களில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுதான் அன்பியம். அன்பியக் கூட்டங்களுக்கு ஆள் சேருவதில்லை என்ற கவலையைச் சென்ற இதழில் படித்தேன். மக்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டம் நடத்துகிற விதத்தில்தான் கோளாறு.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8.30 ஆகிறது. வார நாளில் 7 மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? சனிக்கிழமை சம்பளம், மளிகை என்று போய்விடும். ஞாயிறு மாலை 5 மணிதான் ஒத்துவரும். அதுவும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

30, 40 குடும்பங்களை ஒரே அன்பியமாக வைத்திருந்தால் பத்துக்குப் பத்து லைன் வீட்டில் உட்கார இடம் கிடையாது. சொந்த வீட்டுக்காரர்கள் வீட்டிலேயே கூட்டம் சுற்றிச் சுற்றி நடக்கும். தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த வாடகைக் குடும்பங்கள் கடைசிவரை விருந்தாளிகள்தான். 12 குடும்பங்களைத் தாண்டினால் பிரித்துவிட வேண்டும். அதற்கு 6 மாதம் முன்பே ஒரு துணைப் பொறுப்பாளரைக் கூட்டம் நடத்தப் பழக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிந்த பாதி சீக்கிரமே நின்றுபோகும். அறை போதவில்லையா, லைன் வாசலில் பாய் விரிக்கலாம்.

பலகாரம் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு வீட்டில் டீயும் வர்க்கியும், அடுத்த வீட்டில் கேசரி, போண்டா, அதற்கடுத்த வீட்டில் இட்லி, குருமா. நாலாவது வீட்டு அம்மா, "இந்த மாசம் எங்க வீட்டுல வேண்டாமுங்க" என்பார். காரணம் கேட்கத் தேவையில்லை. வசதியுள்ள வீட்டிலும் கண்டிப்பாக டீயோடு நிறுத்த வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவான, பைபிளை வாசித்துப் பகிரும் ஏழு படி முறையைப் பல அன்பியங்கள் பின்பற்றுகின்றன. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனதில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்வு, செயல், செபம். மௌனத்துக்கு 3 நிமிடமாவது வேண்டும். 1 நிமிடம் ஆவதற்குள் யாராவது பாட்டு எடுத்துவிடுகிறார்கள். பகிர்வில் "எனக்கு" என்று தொடங்கியது "நாமெல்லாம்" என்று மாறினால் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பொறுப்பாளர் அன்போடு அடுத்தவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

ஆறாம் படியான செயலைத்தான், "நேரமாச்சுங்க, செபிச்சு முடிச்சுக்கலாம்" என்று தாண்டிப் போகிறார்கள். அன்பியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு 40 பக்க நோட்டு போதும்: என்ன வேலை, யார் செய்வது, எந்த நாளுக்குள். "ஏழைகளுக்கு உதவுவோம்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. "மூன்றாவது வீட்டுப் பிள்ளையின் புதுநன்மைக்கு (முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு) ஊர்ப் பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், கடிதம் எழுதித் தருவது இன்னார், புதன்கிழமைக்குள்" என்று எழுதினால் நடக்கும். அடுத்த கூட்டத்தில் ஆறாம் படி வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முடிந்ததா என்று கேட்க வேண்டும்.

1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபையானது பல சமூகங்களின் ஒன்றிப்பாக வாழ வேண்டும் என்றார்கள். பல பங்குகளிலோ அன்பியம் தேர்த்திருவிழா வரி வசூலிக்கும் ஏற்பாடாகச் சுருங்கிவிட்டது. ரசீதுப் புத்தகத்தோடு வரும் பொறுப்பாளரைக் கண்டதும், வேலையில்லாத வாரத்தில் இருக்கும் குடும்பம் விளக்கை அணைத்துவிடுகிறது. மறுவாரம் அவரே செபத்துக்கு அழைத்தால் எப்படி வருவார்கள்? வரியைப் பங்குப்பேரவை பார்த்துக்கொள்ளட்டும். அன்பியப் பொறுப்பாளர்களிடம் உள்ள ரசீதுப் புத்தகங்களைப் பங்குத்தந்தையர் இந்த ஆண்டே திரும்ப வாங்கிக்கொள்ளும்படி உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்